வைதேகிக்குப் போட்ட வயது

சென்ற மாதம் எங்கள் மேக்கப் ஆட்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ என் பழைய போட்டோ ஒன்றை எடுத்து, போனிலேயே அதற்கு வயது ஏற்றி, “மாஸ்டர், எண்பது வயசில் நீங்க” என்று போட்டிருந்தார்கள். கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. எனக்கு இப்போது அறுபத்தெட்டு நடக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுருக்கமெல்லாம் இருந்தது. காது மட்டும் முப்பது வயதுக் காது. வயதாக ஆகக் காது தொங்கும், மூக்கு நீளும். இது தெரியாதவனெல்லாம் முகத்துக்கு வயது போடக் கிளம்பிவிட்டான். “நல்லாயிருக்கு, காதை யார் போடுவா, உங்க தாத்தாவா?” என்று பதில் எழுதிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சங்கச் செயலாளர் உடனே கூப்பிட்டார். “எதுக்கு மாஸ்டர் கோபம்? கையால வயசு போட்டது எப்படின்னு நீங்களே எழுதிக் கொடுங்க. மலர்ல போடுவோம்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் எத்தனையோ ஹீரோக்கள், எத்தனையோ படங்கள் இருக்க, கை ஒரே ஒரு முகத்தின் பக்கம்தான் போகிறது. அந்த முகத்துக்குச் சொந்தக்கார அம்மாவையே கேட்டேன். பெயரை மட்டும் மாற்றிவிட்டு எழுதுங்கள் என்றார். மாற்றியிருக்கிறேன்.

நான் சிகந்திராபாத்தில் பிறந்தவன். தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து கன்டோன்மென்டுக்கு வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சண்டை போட உருது. படிப்பு ஏறவில்லை. மெட்ராஸிலிருந்து படக் கம்பெனிகள் இங்கே இடம் மாறிக்கொண்டிருந்த நாட்களில் தெரிந்தவர் ஒருவர் ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டார். சில வருஷம் பிரஷ் கழுவினேன், விக் வாரினேன், பவுடர் பஃப்போடு நடிகர்கள் பின்னால் ஓடினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே தலைமை மேக்கப்மேனாக இருந்த துரை மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட பிறகுதான் வேலை என்று ஒன்றைச் செய்யத் தொடங்கினேன்.

மாஸ்டர் கோடம்பாக்கத்து ஆள். சத்தம் போட மாட்டார். அழகு மேக்கப்பை எங்களிடம் விட்டுவிடுவார். “அயகு பண்றதுக்கு நீங்க போதும்டா” என்பார். வயது போடுவதை மட்டும் அவரே செய்வார். முதலில் ஆளை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பார். சிரிக்க வைப்பார், எதையாவது சொல்லி முறைக்க வைப்பார், அப்புறம் பேசாமல் விட்டுவிடுவார். ஆள் அசந்து போகும்வரை காத்திருப்பார். களைத்த முகத்தில், வரப்போகிற வயது கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகுமாம். அதைக் கண்ணால் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். “மூஞ்சிக்கு எங்க மடியணும்னு அதுக்கே தெரியும். நீ ஒண்ணும் புதுசா கண்டுபுடிக்க வாணாம். பார்த்துக்கினே இரு.”

பிறகு ஒரு கையால் கன்னத்துத் தோலைக் காதுப் பக்கமாக இழுத்துப் பிடிப்பார். இன்னொரு கையால் ஸ்பாஞ்சில் ரப்பர் பாலைத் தொட்டு ஒற்றுவார். டிரையரால் காய வைத்து, பவுடர் போட்டு, இழுத்த தோலை விடுவார். தோல் பழைய இடத்துக்குப் போகும். காய்ந்த ரப்பர் அதோடு போக முடியாமல் மடிந்துகொள்ளும். அந்த மடிப்புதான் சுருக்கம். ஒரு பூச்சு நாற்பது வயது, மேலே மேலே பூசினால் எழுபது. நாங்களாக எதையும் வரைவதில்லை. அந்தத் தோலில் எங்கே மடிப்பு விழக் காத்திருக்கிறதோ அங்கேயேதான் விழும். முதல் முறை பக்கத்தில் நின்று பார்த்தபோது இரண்டடி பின்னால் போய்விட்டேன். இருபத்தைந்து வயதுப் பையனின் முகத்துக்குள்ளிருந்து ஒரு கிழவர் மெதுவாக வெளியே வந்து எங்களைப் பார்த்தார்.

வேலை முடியும்வரை கண்ணாடியை டவல் போட்டு மூடி வைக்க வேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம். விக் வைத்த பிறகும் டவலை எடுக்க விட மாட்டார். நடிகர் அந்த முகத்தோடு அறைக்குள் நடக்க வேண்டும், டீ குடிக்க வேண்டும், உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். “கண்ணாடியைப் பார்த்துட்டான்னா நடிப்பான். பார்க்காத வரைக்கும் கெழவனா இருப்பான்.” அந்த நேரத்தில் நாங்கள் எல்லாரும் அவரிடம் மரியாதையாகப் பேச வேண்டும். காலையில் “வாடா போடா” என்று கூப்பிட்ட துணை நடிகனைக் கூட “உட்காருங்க ஐயா” என்று சொல்ல வேண்டும். வெளியார் யாராவது வந்து பார்த்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கத் தொடங்குவான். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டோம்.

மாஸ்டர் உடம்பு முடியாமல் மெட்ராஸுக்குத் திரும்பிப் போனார். பெட்டி எனக்கு வந்தது, சட்டங்களும் வந்தன. பல வருஷம் கழித்து அந்தப் பெட்டியோடு ஒரு சீரியலுக்குப் போனபோதுதான் வைதேகியைச் சந்தித்தேன்.

வைதேகி அதில் நாயகி, தமிழ்ப் பெண். முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகவில்லை. அப்பாவோடு தார்நாகா என்கிற பகுதியில் இருந்தார். அப்பா அங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். வைதேகி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். அப்பாதான் தலை பின்னிவிட்டு, சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்து வளர்த்திருக்கிறார். அந்த மனிதருக்கு இப்போது ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. போனதில் மகளின் முகமும் ஒன்று. வைதேகி அறைக்குள் போனால் பேங்கிலிருந்து வந்திருக்கிற அதிகாரி என்று நினைத்து எழுந்து நிற்பாராம். “உட்காருங்க மேடம். என் பொண்ணு இப்ப வந்துடுவா, அவகிட்ட பேசிக்குங்க” என்பாராம்.

மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாரும் மனதில் இருப்பதைக் கொட்டுவார்கள். வைதேகியும் சொல்லுவார். “பாப்பான்னுதான் கூப்பிடுவாரு என்னை. இன்னும் ஒரே ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டுட்டா போதும்ணே. வேற எதுவும் வேண்டாம்.” சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சுவார். மேக்கப் கலையுமே என்று நான் திட்டுவேன். வேறென்ன சொல்வது.

சீரியலில் கதை ஒரு தலைமுறை தாண்டிக் குதித்தது. வைதேகிக்கு எழுபது வயது போட வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு நான் முதலில் கேட்பது அம்மாவின் போட்டோ. பெண்களுக்கு வயது பெரும்பாலும் அம்மா வழியில்தான் வரும். அவர் கொண்டுவந்த படத்தில் அம்மா அவரைவிடச் சின்னவராக இருந்தார். “இதோட அம்மா நின்னுட்டாங்கண்ணே. இதுக்கு மேல யாரும் பார்க்கலை” என்றார்.

படம் உதவவில்லை. எனவே மாஸ்டர் சொன்னதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோலை இழுத்து, ஒற்றி, காய வைத்து, விட்டேன். மடிப்புகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. உதட்டின் ஓரத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு கோடு விழுந்தது. எதையோ ரொம்ப நாள் சொல்லாமல் அடக்கி வைத்தவர்களுக்கு வரும் கோடு அது. கழுத்து, கைகள், கண் இமை, நரைத்த விக் என்று எல்லாம் முடிந்து, “நடங்கம்மா” என்றேன். நடந்தார். லைட் பையன் ஒருவன் உள்ளே வந்தவன், தன்னையறியாமல் ஓரமாக ஒதுங்கி வழி விட்டான்.

டவலை எடுத்தேன். வைதேகி கத்தவில்லை, சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மிக அருகில் போய் நின்றார். மூச்சு பட்டுக் கண்ணாடியில் முகம் மங்கியது. அது தெளியும்வரை காத்திருந்து மறுபடி பார்த்தார். “அம்மா வந்துட்டாங்க” என்றார். ஆபீஸில் வாசலில் ஆள் வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

அன்று மத்தியானம் ஷாட் நடுவில் வீட்டிலிருந்து போன். அப்பாவைப் பார்த்துக்கொள்கிற மல்லம்மா தெலுங்கில் அழுதாள். சார் காலையிலிருந்து அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டிருக்கிறார், சாப்பிடவில்லை, மாத்திரை போடவில்லை, யார் தட்டினாலும் வெளியே போ என்று கத்துகிறார். வைதேகி அப்படியே கிளம்பிவிட்டார். அந்த முகத்தை அவசரத்தில் எடுக்க முடியாது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும், பிய்த்தால் தோலும் வந்துவிடும். அங்கே வைத்து எடுக்கலாம் என்று நானும் பெட்டியோடு காரில் ஏறினேன்.

வீட்டில் வைதேகி கதவைத் தட்டி “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டார். கதவு திறக்கவில்லை. சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. உயரமான மனிதர், சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“லல்லி. எங்க போய்த் தொலைஞ்சே இவ்வளவு நேரம்? பசிக்குதுடி” என்றார்.

லலிதா என்பது வைதேகியின் அம்மா பெயர். இறந்துபோய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட மனைவி நரைத்த தலையோடு வாசலில் நிற்பதில் அந்த மனிதருக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. வைதேகி என்னைப் பார்த்தார். நான் மல்லம்மாவைப் பார்த்தேன். மல்லம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். “இதோ வந்துட்டேங்க” என்றார் வைதேகி. பிசைந்து கொடுத்த சாதத்தை அப்பா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தார்நாகாவுக்குப் போகத் தொடங்கினேன். லல்லி வந்தால் சாப்பிடுவார், குளிப்பார், டாக்டரிடம் கை நீட்டுவார். வைதேகி வந்தால் “மேடம், இன்னொரு நாள் வாங்க.” எந்த மகள்தான் என்ன செய்வாள்?

பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர்கள் பேசுவது கேட்கும். அப்பா நடக்காதவற்றை ஞாபகம் வைத்திருந்தார். “ரிடையர்மென்ட் பங்ஷன்ல நீ பச்சைப் புடவை கட்டிட்டு வந்தியே.” அந்த விழாவுக்கு லலிதா எங்கிருந்து வருவார்? “ஆமா, கரும்பச்சை” என்று வைதேகி பதில் சொல்வார். ராமேஸ்வரம் போனதைப் பேசுவார்கள், முட்டி ஆபரேஷன் வேண்டாம் என்று லல்லி அடம் பிடித்ததைப் பேசுவார்கள். சேர்ந்து கிழவர்களாக ஆகாத இரண்டு பேர், சேர்ந்து கிழவர்களாக ஆன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எப்போதும், “பாப்பா எங்க?” என்று கேட்பார். “ஸ்கூலுக்குப் போயிருக்கா” என்று சொல்லும் குரல் மட்டும் கொஞ்சம் உடையும்.

ஒரு நாள் வைதேகி அந்த முகத்தோடு மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விட்டு வந்தார். எங்கே போனாலும் செல்பி கேட்டு மொய்க்கிற முகம் அவருடையது. “யாருமே பார்க்கலைண்ணே. கடைக்காரன் எனக்குப் பின்னால வந்தவங்களுக்கெல்லாம் கொடுத்துட்டுத்தான் என்னைக் கேட்டான். உள்ளே ஒண்ணும் மாறலை. நான் நானாத்தான் இருக்கேன். வெளியே இருக்கிறவங்கதான் வேற யார்கிட்டயோ பேசுறாங்க” என்றார். அவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ரப்பருக்கு மேல் தொட்டால் விரலுக்குத்தான் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது.

அன்று அதை ஒரு நடிகையின் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது காலையில் ஷேவ் செய்யக் கண்ணாடி முன் நிற்கும்போது அது உண்மை என்று தெரிகிறது. நான் தூங்கும்போது யாரோ வந்து செய்துவிட்டுப் போன வேலை மாதிரி இருக்கிறது என் முகம். வேலையும் சுமார்தான். இடது பக்கக் கோடு ஆழம் அதிகம், கழுத்தில் நிறம் சேரவில்லை. என் கீழே இருந்தவன் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சில நாள் கை தானாகப் பஞ்சைத் தேடுகிறது. வங்கியில் ஒரு பெண் என்னிடம் உரக்க, ஒவ்வொரு சொல்லாகப் பேசுகிறாள். அவள் பேசுகிற கிழவர் யார் என்று எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

வைதேகி விஷயத்தில் எனக்குப் பயம் வந்தது வேறொரு நாள். ஷூட்டிங் இல்லை, மேக்கப் இன்னும் தொடங்கவில்லை. தார்நாகா வீட்டு மாடியிலிருந்து அவர் இறங்கி வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி இறங்கினார். முகத்தில் ஒரு பூச்சும் இல்லை. உதட்டு ஓரத்தில் அந்தக் கோடு இருந்தது.

“நக்கோம்மா, வேணாம். போதும், இத்தோட விட்டுடுவோம்” என்றேன்.

“அவர் சாப்பிடுறாரேண்ணே.”

“நீங்க என்ன ஆகுறது?”

வைதேகி நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். அன்றைக்கு இரண்டு பூச்சிலேயே எழுபது வந்துவிட்டது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அப்பா படுக்கையில் விழுந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். கடைசி நாள் ஒரு பகல் வேளை. வைதேகி முழு முகத்தோடு, நரைத்த தலையோடு, கட்டிலில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அப்பா கண்ணைத் திறந்தார். அதுவரை நான் பார்த்த கண் இல்லை அது. தெளிவாக, அறையையும் ஜன்னலையும் என்னையும் பார்த்தார். பிறகு காலடியில் இருந்த கிழவியைப் பார்த்தார்.

“நீங்க யாரும்மா?” என்றார்.

“நான்தாங்க. லல்லி.”

“லல்லி செத்துப்போய் ரொம்ப வருஷம் ஆச்சே” என்றார் அவர், ரொம்ப மரியாதையாக. “தப்பா நினைச்சுக்காதீங்க. என் பொண்ணு பாப்பா இங்கேதான் இருப்பா. அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க. சீக்கிரம்.”

எந்த வார்த்தைக்காக வைதேகி அத்தனை நாள் காத்திருந்தாரோ அந்த வார்த்தை வந்துவிட்டது. அதைக் கேட்கிற நேரத்தில் அவர் வேறு யாருடைய முகத்துக்குள்ளோ உட்கார்ந்திருந்தார். எழுந்து பக்கத்து அறைக்கு ஓடிவந்தார். “எடுங்கண்ணே. எடுங்க, எடுங்க.” விக்கை அவரே பிடுங்கிப் போட்டார். ஊசிகள் சிதற, உள்ளே சுருட்டி வைத்திருந்த கறுப்பு முடி அவிழ்ந்து விழுந்தது. நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து வலது காதோரம் ஆரம்பித்தேன். “மெதுவாம்மா, தோல் வந்துடும்” என்றேன். “வரட்டும்” என்று அவரே நகத்தால் பிய்த்தார். தாடையில் ரத்தம் துளிர்த்தது. ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. மல்லம்மா வாசலில் வந்து நின்று, “ரண்டி மேடம்” என்று மட்டும் தெலுங்கில் கூப்பிட்டாள். உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம் இங்கே கேட்டது.

வைதேகி அப்படியே போனார். ஒரு பக்கம் முப்பது, ஒரு பக்கம் எழுபது. பஞ்சோடு பின்னால் ஓடினேன். அந்த முகத்தைப் பார்த்து அப்பா பயந்துவிடக் கூடாதே என்று எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

அவர் பயப்படவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

“பாப்பா” என்றார்.

“அப்பா.”

கையைத் தூக்கிச் சுருக்கம் இருந்த கன்னத்தில் வைத்தார். “உனக்கு இவ்வளவு வயசாயிடுச்சா? நான் எங்கே போயிருந்தேன்?”

வைதேகி திரும்பி என்னைப் பார்த்தார். நான் பஞ்சைக் கீழே இறக்கினேன். “ஆமாப்பா. வயசாயிடுச்சு” என்றார்.

“நல்லா இருந்தியா?”

“நல்லா இருந்தேன்பா. நீங்க நினைச்ச மாதிரியே இருந்தேன்.”

“குழந்தைங்க?”

“ரெண்டு. பேரன் கூட வந்தாச்சு. உங்களை மாதிரியே உயரம்.”

“முட்டி வலிக்குதா?”

“படி ஏறினா வலிக்கும். மத்தபடி ஒண்ணும் இல்லை.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார், பரீட்சை மார்க்கைக் கேட்ட அப்பா மாதிரி. கை கன்னத்திலிருந்து நழுவி மறுபக்கம் போனது. ரப்பர் இல்லாத பக்கம், ரத்தம் துளிர்த்த பக்கம். அங்கேயே தடவினார். “இந்தப் பக்கம் அப்படியே இருக்கே, பாப்பா” என்றார். வைதேகி அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கை சூடாக இருந்த வரைக்கும் வைதேகி அசையவில்லை.

ஆட்கள் வரத் தொடங்குவதற்கு முன்னால் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும் என்று அவரை அழைத்துவந்து உட்கார வைத்தேன். அழுதுகொண்டேதான் பஞ்சை நனைத்தேன். பழக்கத்தில் வேகமாகத் துடைக்கப் போன என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா எடுங்கண்ணே” என்றார். “இனிமே என்ன அவசரம்.”